ரைம் சீற்றில் உண்மையை எழுதினால் ஏச்சு விழுகிறது

கேள்வி: 2024 மே 6, இரவு 9.40

யாழ்ப்பாணத்தில் ஓர் ஓடிற் (கணக்காய்வு) கந்தோரில் பயிலுநராக இருக்கிறேன், இரண்டாவது வருடம். ஒரு ஹார்ட்வெயார் கடையின் கடன்கொடுத்தோர் பகுதியை, அதாவது கடைக்குக் கடனுக்குச் சரக்குத் தந்தவர்களின் கணக்கை, என்னிடம் தந்தார்கள். அதற்கு ஒதுக்கின நேரம், பட்ஜெற், ஆறு மணித்தியாலம். எனக்குப் பதினாலு போனது. எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் போனது என்று நிரப்புகிற தாளான ரைம் சீற்றில் அப்படியே எழுதினேன். சீனியர் அக்கா கூப்பிட்டு, "போன வருசம் ஆறிலை முடிச்சிருக்கினம், உமக்கு மட்டும் என்ன?" என்றா. ஏழு என்று மாற்றிக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டா. மற்ற ஏழு மணித்தியாலமும் எங்கே போனது? நான் மந்தமா, இல்லை எல்லோரும் இப்படித்தானா?

பதில்: மே 6, இரவு 11.15

மந்தம் இல்லை. போன வருடத்து ஆளும் ஆறில் முடித்திருக்க மாட்டார். ஆறு என்று எழுதியிருப்பார். அதற்கு முந்தின வருடத்து ஆளும் அப்படித்தான். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். இப்போது நித்திரை வருகிறது.

மே 7

இந்த வேலையில் எனக்குப் பதினாறு வருடம். முதல் ஐந்து கொழும்பில், மிச்சம் யாழ்ப்பாணத்தில். இப்போது ஒரு சின்னக் கந்தோரில் மனேஜர். எனக்குக் கீழே ஒன்பது பேர், அதில் ஆறு பேர் பயிலுநர்கள். ரைம் சீற்றில் கை வைக்காத ஆளை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

செய்த நேரத்தைக் குறைத்து எழுதுவதற்கு எங்கள் கந்தோரில் "விழுங்கிறது" என்று பேர். "இந்தக் கிழமை எத்தினை விழுங்கினனீ?" "ஒன்பது." காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சாதாரணமாகக் கதைப்பார்கள். நான் கிட்டப் போனால் பேச்சு கிரிக்கெற்றுக்கு மாறிவிடும்.

இதனால் யாருக்கு நட்டம் என்று பயிலுநர்கள் கேட்பதுண்டு. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கட்டணம் 300,000 ரூபா, பட்ஜெற் 120 மணித்தியாலம். உண்மையில் போனது 171. எழுதியது 124. கந்தோரின் சொந்தக்காரரான பங்காளர் பார்க்கிற தாளில் மணித்தியாலத்துக்கு 2,419 ரூபா வருகிறது, நல்ல கிளையன்ற். உண்மைக் கணக்கில் 1,754 ரூபாதான். அடுத்த வருடம் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க வாயே வராது, எங்கள் புத்தகத்திலேயே வேலை 124 இல் முடிந்துவிடுகிறதே. பட்ஜெற் மறுபடியும் 120. அடுத்ததாக வருகிற பிள்ளை 51 மணித்தியாலக் கடனோடு தொடங்குகிறது, அது அந்தப் பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது.

ஊரார் கணக்கெல்லாம் சரி என்று கையெழுத்து வைக்கிற எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி.

மே 9

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை. வருட முடிவு மார்ச் 31. இருப்பு எண்ணும்போது நாங்கள் நேரில் நிற்க வேண்டும், கணக்காய்வு நியமம் 501 சொல்வது அதைத்தான். கடை திறந்திருக்கும்போது எண்ண முடியாது. இரவு ஏழரைக்குக் கதவைச் சாத்தின பிறகு தட்டுத் தட்டாக வெளியில் எடுத்து, தராசில் வைத்து, சீட்டோடு ஒத்துப் பார்த்து, கல் வைத்த நகைக்குக் கல்லின் நிறையைக் கழித்து... முதல் தடவை போனபோது முடிய விடியப்புறம் நாலரை. சாமத்தில் முதலாளி கொத்து ரொட்டி எடுத்துத் தந்தார். அதைச் சாப்பிட்டால் கிளையன்ற்றுக்குக் கடமைப்படாத எங்கள் சுயாதீனம் கெட்டுப்போகுமா என்று பயிலுநருக்கும் எனக்கும் ஒரு விவாதம். விவாதம் முடிய முதல் கொத்து முடிந்துவிட்டது.

பட்ஜெற் நாலு மணித்தியாலம். போனது ஒன்பது. இருவரும் நாலு என்று எழுதினோம். ஒருவரும் எங்களை மிரட்டவில்லை. எழுதும்போது கை தானாகவே நாலுக்குப் போனது.

அடுத்த வருடம் அதே கடைக்குப் போன இன்னொரு பயிலுநர் ஒன்பது என்று எழுதினார். ஒரு சீனியர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, "நாலுக்குள்ளை கொண்டு வாரும்" என்றதைப் பார்த்திருக்கிறேன்.

மே 9, பின்னேரம்

பங்காளர்களும் ரைம் சீற் நிரப்புவார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிரப்புவார்கள். மாதக் கடைசியில், ஒரே பேனையால், ஒரே இருப்பில்.

மே 14

விழுங்கின நேரம் எங்கே ஒளிகிறது? எனக்குத் தெரிந்த இடங்கள்: "பொது அலுவலக வேலை" என்ற நிரல். படிப்பு லீவு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்து எங்குமே எழுதாத வேலை. யாழ்தேவி ரயிலில் மடிக்கணினியை விரித்து வைத்துச் செய்த வேலை, அது "பிரயாணம்" ஆகிவிடும். எல்லாவற்றிலும் கெட்டித்தனமானது வேறு கிளையன்ற் ஒருவரின் பேரில் எழுதுவது. பட்ஜெற்றில் மிச்சமிருக்கிற ஏதோ ஒரு அரிசி ஆலை அந்தப் பாரத்தைச் சுமக்கும். இதைக் குறைத்து எழுதுவது என்றும் சொல்ல முடியாது, மொத்தம் சரியாகத்தான் வரும். ஆனால் இரண்டு கிளையன்ற்றின் கணக்கும் பிழை.

2022 இல் இன்னொரு வகையும் சேர்ந்தது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் இல்லாமல் கிளையன்ற்றின் கந்தோரில் இருந்த நேரத்தை எங்கே எழுதுவது? எழுதினால் கிளையன்ற்றின் தலையில் விழும், எழுதாவிட்டால் பிள்ளை அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று ஆகும். சிலர் கரண்ட் வந்த பிறகு இரவு பதினொன்றுக்கு வேலையைத் தொடங்கினார்கள். அந்த இரவுகள் ஒரு தாளிலும் இல்லை. அந்த வருடத்துத் தாள்களை இப்போது எடுத்துப் பார்த்தால் நாட்டில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். எல்லோரும் காலை எட்டரைக்கு வந்து பின்னேரம் ஐந்துக்குப் போயிருக்கிறார்கள்.

மே 15

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு: 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேலே ஓவர்ரைம் கிழமைக்கு 12 வரைதான். கூட்டினால் 57.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு பிள்ளை உண்மையாக 64 என்று எழுதினால் அது கந்தோருக்கு எதிரான சாட்சி. 45 என்று எழுதினால் பங்காளருக்கு நித்திரை வரும். குறைத்து எழுதுகிற பழக்கத்தை நாங்கள் பயிலுநரின் பயம் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் மேலே உள்ளவர்களுக்கு எவ்வளவு வசதி இருக்கிறது!

மே 21

மே 9 குறிப்பில் ஒரு திருத்தம். "ஒரு சீனியர் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அந்தச் சீனியர் நான்தான்.

இரண்டு கிழமையாக அந்த வசனம் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு அந்தப் பிள்ளை மேல் கோபம் இல்லை, பட்ஜெற்றைப் பற்றிய கவலையும் பெரிதாக இல்லை. அவருடைய ஒன்பது அப்படியே மேலே போயிருந்தால், போன வருடத்து என்னுடைய நாலு பம்மாத்து என்று தெரிந்துவிடும். அதுதான் பயம். அவர் ஒன்றும் சொல்லாமல் மாற்றித் தந்தார். இப்போது கனடாவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் சந்திப்போம், இதைக் கதைத்ததில்லை.

ஆகவே கேள்வி கேட்ட தங்கச்சி அல்லது தம்பி, உங்கள் சீனியர் அக்காவைக் கொடுமைக்காரி என்று நினைக்க முதல், போன வருடத்து ஆறை எழுதினது யார் என்று பைலைத் திறந்து பாருங்கள்.

மே 21, இரவு

கேள்வி கேட்டவர் பார்த்துவிட்டாராம். அக்காவேதான்.

ஜூன் 3

ஒருவர் சுருக்கமாக வழி சொல்லியிருக்கிறார்: குறைத்து எழுதினால் ஒழுக்காற்று நடவடிக்கை, இரண்டு பேருக்கு நடந்தால் எல்லோரும் திருந்துவார்கள். மூன்று வருடத்துக்கு முதல் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது அந்த யோசனை எனக்குப் பயத்தைத் தருகிறது.

பட்ஜெற் ஆறு, வேலை பதினாலு. பயிலுநருக்கு மூன்று வழிதான். உண்மையை எழுதி ஏச்சு வாங்கலாம். பதினாலும் வேலை செய்து எட்டை விழுங்கலாம். அல்லது ஆறில் நிறுத்திவிட்டு மிச்சத்துக்குப் பார்க்காமலே "பார்த்தாச்சு" என்று ரிக் போடலாம். விழுங்குகிறவன் தன்னுடைய நேரத்தைத்தான் கொடுக்கிறான், வேலை நடந்திருக்கிறது. பட்ஜெற்றை அப்படியே வைத்துக்கொண்டு விழுங்குவதை மட்டும் தடுத்தால் பிள்ளைகள் மூன்றாவது வழிக்குப் போவார்கள். தாளில் ஆறு, உண்மையிலும் ஆறு, நூற்றுக்கு நூறு நேர்மை. பைலுக்குள்ளே ஒன்றும் இருக்காது.

எங்களுக்கு நடந்தது. ஒரு கிளையன்ற்றின் கடன்கொடுத்தோர் பகுதி. முதல் வருடம் ஒரு பயிலுநர் பதினைந்து மணித்தியாலம் இருந்து சரக்குத் தந்தவர்கள் அனுப்பின கணக்குக் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தார். எழுதியது ஆறு. இரண்டாம் வருடம் வந்த பிள்ளை பொய் எழுதத் தெரியாத பிள்ளை. ஆறு மணித்தியாலம் முடிந்ததும் எழும்பிவிட்டது. பெரிய மீதிகளை மட்டும் பார்த்தது, மற்றதெல்லாம் போன வருடத்து ரிக்கைப் பார்த்துப் போட்ட ரிக். மூன்றாம் வருடம் ஒரே விலைப்பட்டியலுக்கு இரண்டு தடவை காசு போயிருந்தது தெரியவந்தது. சின்ன மீதி ஒன்றில் இருந்தது. கிளையன்ற் எங்களைக் கேட்ட கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. யாரில் பிழை சொல்வது? ஆறில் எழும்பினவரிலா, பதினைந்தை ஆறு என்று எழுதினவரிலா? இரண்டு தாளிலும் கீழே என் கையெழுத்து இருந்தது.

இது எங்கள் ஊர் நோய் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கணக்காய்வாளரின் பொறுப்புகளை ஆராய்ந்த கோஹன் ஆணைக்குழு 1978 அறிக்கையிலேயே கணக்காய்வு பிழையாகிப் போவதற்கு நேர அழுத்தத்தை ஒரு முக்கிய காரணமாகச் சொல்லிவிட்டது. 2022 டிசம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தர முகாமைத்துவ நியமம் 1, வேலைக்கு விடுகிற ஆட்களுக்குப் போதுமான நேரம் கொடுக்கப்பட வேண்டும் என்று எழுத்திலேயே கேட்கிறது. போதுமான நேரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் போன வருடம் எவ்வளவு போனது என்று தெரிய வேண்டும். அந்த இலக்கத்தைத்தான் நாங்கள் விழுங்கிவிட்டோம்.

ஜூன் 18

எங்கள் கந்தோரில் ஒரு பரிசோதனை. இரண்டு கிழமையாக நடக்கிறது.

முதலில் என்னுடைய ரைம் சீற்றை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டினேன். ஒரு நாளில் "பங்காளரோடு விறாந்தையில் கதைத்தது: 1 மணி 15 நிமிடம்" என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அடுத்தது, வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முழுக் கிழமையையும் எழுதுவதை நிறுத்தினேன். அன்றன்று, கந்தோரை விட்டு இறங்க முதல். வெள்ளிக்கிழமை எழுதினால் அது ஞாபகம் இல்லை, கற்பனை.

மூன்றாவது, பட்ஜெற்றைத் தாண்டின நேரத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து. கிளையன்ற் ஆவணம் தரப் பிந்தினால் "கி". மின்வெட்டு, கணினிக் கோளாறு என்றால் "மி". புதுசாகப் படிக்க வேண்டி வந்தால் "பு". "ஏன் உனக்கு இவ்வளவு நேரம்?" என்று கேட்பதில்லை, எழுத்தை மட்டும் பார்ப்பது. வருட முடிவு மதிப்பீட்டில் பட்ஜெற் வித்தியாசத்தைக் கதைப்பதில்லை என்று பங்காளரிடம் எழுத்தில் வாங்கினேன். அதை வாங்கத்தான் விறாந்தையில் ஒரு மணி பதினைந்து நிமிடம்.

ஜூலை 2

ஒரு பயிலுநர் வந்து, "அண்ணை, நாலாவது எழுத்து ஒண்டு வேணும்" என்றார். என்ன எழுத்து? "ம." ம என்றால்? கொஞ்சம் தயங்கி, "மனேஜர்" என்றார். நான் திருத்தச் சொல்லி, அவர்கள் திருத்தி, பிறகு நான் மனம் மாறி மறுபடியும் பழையபடி ஆக்கச் சொன்ன நேரம்.

சேர்த்தேன். வேறு என்ன செய்வது.

ஜூலை 23

ம தான் முதலிடம். கி இரண்டாவது, அதுவும் தூரத்தில். எக்செலில் நிரல் அகலம், எழுத்துரு, "இந்தக் குறிப்பை இன்னும் விளக்கும்" என்று நான் சிவப்பு மையால் எழுதினவை எல்லாம் பிள்ளைகளின் சனிக்கிழமைகளாக மாறியிருக்கின்றன. வீட்டில் சொன்னேன். மனைவி ஆச்சரியப்படவில்லை.

ஆகஸ்ட் 11

நல்லூர் கொடியேறிவிட்டது. கந்தோரில் பாதிப் பேர் பின்னேரம் நாலரைக்கே எழும்பிவிடுகிறார்கள், எழும்பினதை எழுதுகிறார்கள். இது முன்னேற்றம்.

பழைய தாள்களைக் கிளறினதில் ஒரு பொக்கிஷம். ஒருவர் இரண்டு வருடமாக நாளுக்கு எட்டு, எட்டு, எட்டு என்றே எழுதியிருக்கிறார். தேர்த் திருவிழா அன்றைக்கும் எட்டு. கந்தோர் பூட்டியிருந்த நாள்! வங்கி உறுதிப்படுத்தல் கடிதங்கள் தயாரித்தாராம். முருகன்தான் வங்கி முகாமையாளர் போலிருக்கிறது.

கூட்டி எழுதுகிறவரும் இருக்கிறார்கள் என்று மே மாதமே ஒருவர் சொன்னார், நான் மறுமொழி போடவில்லை. இப்போது சொல்கிறேன்: உண்டு, எங்களிடம் ஒருவர் "பு" என்ற எழுத்தை மாம்பழம் மாதிரிச் சாப்பிடுகிறார். கூப்பிட்டு என்ன புதுசாகப் படித்தீர் என்று கேட்டேன். அரை மணித்தியாலம் சமூகப் பாதுகாப்பு வரியைப் பற்றி வடிவாக விளக்கினார். எனக்கே தெரியாத ஒரு விஷயம் அதில் இருந்தது. சந்தேகப்பட்டது என் பிழையா என்று இன்னும் தெளிவில்லை. அந்த அரை மணித்தியாலத்தை அவர் "ம" என்று எழுதினார்.

ஒக்ரோபர் 8

நகைக்கடைக்குப் போனேன். முதல் தடவையாக உண்மை மணித்தியாலங்களைத் தாளில் கொண்டு போனேன். இருப்பு எண்ணுவது நாலு இல்லை, ஒன்பது, இரண்டு பேர். கட்டணத்தைக் கூட்ட வேண்டும் என்றேன். தொண்டை வறண்டுதான் சொன்னேன். இதே தாளோடு போன இன்னொரு கடை போன மாதம் எங்களை விட்டுப் போய்விட்டது. குறைந்த கட்டணத்துக்கு வேறு ஆள் கிடைத்தாராம், அந்தப் பிள்ளைகள் என்ன விழுங்கப் போகிறார்களோ.

முதலாளி கண்ணாடியைப் போட்டுத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இவ்வளவு வருசமும் உந்த அஞ்சு மணித்தியாலத்தை என்ன செய்தனீங்கள்?"

எழுதவில்லை என்றேன்.

"சேதாரத்தைப் பில்லிலை போடாமல் எந்தப் பத்தர் நகை செய்வான்?" என்றார். "போடாட்டி அவன் பொன்னிலை கை வைச்சிருக்கிறான் எண்டுதான் நான் நினைப்பன்."

கேட்டதில் முக்கால்வாசிக்குச் சம்மதித்தார். வெளியில் வந்து மோட்டார் சைக்கிளை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். பத்து வருடமாக அவர் எங்கள் நாலு மணித்தியாலத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்?

டிசம்பர் 2

நவம்பர் 30 வருமான வரிப் படிவங்கள் போய்ச் சேர்ந்தன, இரண்டு நாள் நித்திரை கொண்டேன். கடைசிக் கிழமை மூன்று பேர் 57 ஐத் தாண்டி எழுதினார்கள். தாளைப் பார்த்த பங்காளர் என்னைப் பார்த்தார். அடுத்த வருடம் ஒக்ரோபரிலேயே ஓர் ஆள் கூடுதலாக எடுப்பது என்று முடிவு. தாள் 45 என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சே வந்திராது.

மே மாதம் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சீனியர் அக்காவோடு கதைத்தாராம். அக்கா முதலில் கோபித்து, பிறகு தன்னுடைய உண்மைக் கணக்கு பதின்மூன்று என்று சொன்னாவாம். அடுத்த வருட பட்ஜெற்றில் பன்னிரண்டு போட இருவரும் சேர்ந்து மனேஜரிடம் போகப் போகிறார்கள். ஏன் பன்னிரண்டு, பதினாலு இல்லை? அந்தக் கந்தோரின் மனேஜரை எனக்குத் தெரியாது, அதனால் வாய் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், 2025 மார்ச் 31 நகைக்கடை இருப்புக்கு ஒன்பது மணித்தியாலம் போட்டிருக்கிறேன், இரண்டு பேருக்கு. கொத்து ரொட்டி கந்தோர்க் கணக்கில்.